இடது பாக்கெட் கத்தி

புதிதாகக் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லு என்று மேஸ்திரி என்னிடம் சொன்னார். நான் ரிட்டயர் ஆனவன் இல்லை. உங்களில் பாதிப் பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றவன் நான். பழைய ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டதால் மேஸ்திரி என்னைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தமிழ் படிக்க வராதவர்கள், படிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

பெயிண்ட் கலப்பது, விரிசல் அடைப்பது, பெல்ட் மாட்டுவது எல்லாம் மேஸ்திரி சொல்லித் தருவார். நான் கத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பாக்கெட்டில் கிடக்கிற சின்ன மடக்குக் கத்தி. ஒரு கத்தி என் இடது பாக்கெட்டிலேயே தங்கிவிட்டதால் நான் ரொம்ப நாள் கயிறு ஏறாமல் கிடந்தேன். மறுபடி ஏறினேனா இல்லையா என்பதையும் சொல்கிறேன்.

கத்தி வாங்கும்போது மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி வாங்குங்கள். பெரிதாக வேண்டாம். நாம் வேலை செய்வது அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே. காலையில் பல் தேய்த்துக்கொண்டே திரையை விலக்குகிறவர்கள், ஒருவன் கத்தியோடு அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தால் என்ன ஆவார்கள்? செம்பூரில் ஒரு அக்கா என்னைப் பார்த்துப் போட்ட கூச்சலில் கீழே இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. நான் வெறுமனே மாஸ்கிங் டேப் அறுத்துக்கொண்டிருந்தேன். அதனால் வேலை முடிந்த உடனே மடக்கிவிடுங்கள். ஜன்னல் பக்கம் வரும்போது முதலில் ஒரு பாட்டை முணுமுணுங்கள், ஆள் இருக்கிறது என்று தெரியட்டும்.

டேப், சிமெண்டு மூட்டைத் தையல், பெயிண்ட் டிரம்மின் மூடி, பிரஷ்ஷில் காய்ந்து நிற்கிற முடி, நைந்துபோன கயிற்று நுனி, மதியச் சாப்பாட்டுக்கு மாங்காய், எல்லாவற்றுக்கும் அதே கத்திதான். பெயிண்ட் பட்ட கத்தியால் மாங்காய் அறுக்கும் முன் துடைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த எசக்கி துடைக்கமாட்டான். எங்கள் மாங்காயில் எப்போதும் லேசாக டர்பன்டைன் வாசம் அடிக்கும்.

எசக்கிமுத்து என் ஜோடி. ஒரே வயது, ஒரே சந்து, இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். ஜூலாவில், அதாவது கயிற்றில் கட்டிய உட்காரும் பலகையில், ஒருவன் தொங்கினால் இன்னொருவன் மேலே டெரஸில் நின்று கயிறுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் அவனும் முறை வைத்து மாறிக்கொள்வோம். அவன் இப்போது இல்லை.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நாங்கள் சேர்ந்தபோதே இருந்தது. டெரஸில் நின்று கயிறு பார்க்கிறவன் கையில் கத்தி இருக்கக்கூடாது. இறங்குகிறவன் ஜூலாவில் உட்காரும் முன், மேலே நிற்கப்போகிறவன் தன் கத்தியை அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதையும் கையில் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். டெரஸின் கட்டைச் சுவர் மேல் வைப்பான். மற்றவன் எடுத்துக்கொள்வான். வேலை முடிந்து மேலே வந்ததும் அதே சுவர் மேல் வைத்துத் திருப்பித் தருவான்.

சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. "சாமி கும்பிடுத மாதிரிலா பண்ணுதாங்க" என்று எசக்கியிடம் சொன்னேன். "பண்ணிட்டுப் போவட்டும்ல. ஒனக்கு என்ன, ரெண்டு கத்தி கெடைக்கில்லா" என்றான். அது எதற்கு என்று மாட்டுங்காவில்தான் புரிந்தது.

மாட்டுங்காவில் பழைய நாலுமாடிக் கட்டடம் ஒன்று. முழுக்கத் தமிழ்க்காரர்கள், தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள். அன்று எசக்கி மூன்றாவது மாடிக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தான். நான் டெரஸில். என் கத்தி, அவன் கத்தி இரண்டும் அவனுடைய வலது பாக்கெட்டில். அப்போது எல்லோரும் அப்படித்தான் வைப்போம். வலது கையால்தானே எடுக்கப்போகிறோம்.

பெயிண்ட் பக்கெட்டுக்குத் தனிக் கயிறு. ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்டுப் பலகை இருக்கிறதே, சஜ்ஜா என்கிறோமே, அதன் மேல் பக்கெட்டை உட்கார வைத்திருந்தான். கயிறு தொய்ந்து அவன் மடியில் கிடந்தது. பக்கெட் வழுக்கியது. தொய்ந்து கிடந்த கயிறு ஓடி, அவன் வலது கையை ஜூலாக் கயிற்றோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டது. நிறைய பெயிண்ட் இருந்த பக்கெட். அதன் கனம் முழுக்க அந்தச் சுற்றில் தொங்கியது.

"ஏலே மாரீ! கை போச்சுல! அறு, மேல அறு!"

"எத வச்சில அறுக்க? ரெண்டு கத்தியும் உங்கிட்டல்லா கெடக்கு!"

"பாக்கெட்டுல கெடக்குல! கைய எடுக்க முடிஞ்சா நான் ஏன் ஒன்னக் கூப்புடுதேன்?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு. அவன் இடது கையை வலது பாக்கெட் பக்கம் கொண்டுபோனான். உடம்பு திரும்பியது, ஜூலா ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கையை எடுத்துவிட்டான். நான் பக்கெட் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க அவன் கைதான் இறுகியது. கத்தினான். விரல்கள் நிறம் மாறுவது மேலே இருந்தே தெரிந்தது.

டெரஸில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மாமி, நான் கேட்கும் முன்பே கீழே ஓடி, தன் வீட்டிலிருந்து காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"கையில தரப்படாது. சண்டை வந்துடும்" என்று கட்டைச் சுவர் மேல் வைத்தார்.

"மாமி, இந்த நேரத்துல போயி!"

"வெச்சாச்சு, எடுத்துக்கோயேன்!"

குனிந்து எடுத்தேன். குனிந்தபோது கட்டைச் சுவர் மேல் மூன்று கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது கண்ணில் பட்டது. ஜூலாக் கயிறு, பெல்ட் கயிறு, பக்கெட் கயிறு. மூன்றின் மேலும் ஒரே வெள்ளைத் தூசி. அதுவரை நான் எசக்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பார்க்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு கயிறாகக் கண்ணால் பிடித்துக்கொண்டே கீழே போனேன். பக்கெட் கயிற்றை நான் மேலே அறுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கனம் அவன் கையில்தான் இருக்கும். அறுக்க வேண்டிய இடம் அவன் முட்டிக்குப் பக்கத்தில். அங்கே ஒரே ஒரு கயிறுதான் தொங்கியது. அதை அறுக்க முடிந்தவன் அவன் மட்டும்தான்.

"மாமி, இந்தக் கொடிக்கயித்த அறுத்துக்கிடவா?"

"துணி விழுந்தா திரும்பத் தோய்ச்சுக்கறேன். அறுடா மொதல்ல!"

கொடிக்கயிற்றை அறுத்து, கத்தியின் பிடியில் கட்டி, அலகை என் தலைத்துண்டால் சுற்றி, அவன் இடது பக்கமாக இறக்கினேன். கையில் வாங்கித் துண்டைப் பல்லால் இழுத்துப் போட்டான்.

"எங்கன அறுக்க?"

"முட்டுக்கிட்ட ஒத்தக் கயிறு தொங்குதுல்லா, அதான். மேல கையக் கொண்டு போவாத. இரு, கீழ ஆளு நிக்கி." வாட்ச்மேனைப் பார்த்து ஹிந்தியில் கத்தினேன். அவர் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவர் ஓரம் நிறுத்தினார். "இப்ப அறு!"

இடது கையால், வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியால், அறுத்தான். பக்கெட் விழுந்தது. கீழே நின்ற கட்டடச் சொஸைட்டி செக்ரட்டரியின் ஸ்கூட்டர் சீட் ஐவரி கலர் ஆனது. எசக்கி கையை உதறி உதறி விரல்களை மடக்கிப் பார்த்தான். எல்லா விரலும் மடங்கின. அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"மாமி கத்தி நல்லா அறுக்குல. எங்கன வாங்குனாகன்னு கேளு."

அன்று என் கையில் கத்தி இருந்திருந்தால், அவன் "மேல அறு" என்று சொன்ன உடனே எதையாவது அறுத்திருப்பேன். மூன்றில் எதை அறுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் மேலே நிற்கிறவனுக்குக் கத்தி கிடையாது. மேலே இருந்து வழி சொல்லலாம், அறுக்கிற கை தொங்குகிறவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளுங்கள், வெறும் சாங்கியம் என்று விடாதீர்கள். இன்னொன்று. ஆள் கத்தும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், கயிற்றைப் பாருங்கள். முகம் நம்மை அவசரப்படுத்தும்.

அன்றிலிருந்து நானும் எசக்கியும் ஒரு மாற்றம் செய்தோம். சொந்தக் கத்தி வலது பாக்கெட்டில், ஜோடியின் கத்தி இடது பாக்கெட்டில். எந்தக் கை மாட்டினாலும் மற்றக் கைக்கு ஒன்று எட்டும். இப்போது நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். மேஸ்திரி தானே கண்டுபிடித்த மாதிரி உங்களுக்குச் சொல்லித் தருவார். தந்துவிட்டுப் போகட்டும். அது எசக்கியுடைய கையால் கிடைத்தது.

போன வருஷம் மழைக்கு முன்னால் கடைசி வேலை, திலக் நகரில். அன்று நான் இறங்குகிற முறை. எசக்கி காலையிலிருந்தே உடம்பு வலிக்கிறது என்றான். கத்தியைக் கட்டைச் சுவர் மேல் வைத்தான். நான் எடுத்து இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வெயில் ஏறிய பிறகு மேலே இருந்து எட்டிப் பார்த்தான்.

"மாரி, எனக்குக் குளுருதுல."

"இந்த வெயில்லயா?"

"ஆமால. மேஸ்திரிய நிக்கச் சொல்லிட்டேன். நான் வீட்டுக்குப் போறேன்."

"கத்தி?"

"ஒங்கிட்டயே கெடக்கட்டும். நாளைக்கு வாங்கிக்கிடுதேன்."

காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் நாளைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. எல்லோரும் என்னிடம் கயிற்றிலிருந்து விழுந்தானா என்றுதான் கேட்டார்கள். இல்லை. அத்தனை மாடியில் தொங்கியவனை ஒரு கொசு கொண்டுபோனது.

மழைக்காலத்தில் நமக்கு எப்படியும் வெளிவேலை கிடையாது. அதனால் நான் கயிறு ஏறாததை யாரும் கவனிக்கவில்லை. மழை நின்று வெளிச்சுவர் வேலை தொடங்கியபோது, நான் உள்வேலை கேட்டேன். சீலிங், பாத்ரூம், படிக்கட்டு. மேஸ்திரிக்குக் கோபம். "பயந்துட்டியாடே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய். பயம் இல்லை. நான் இறங்க வேண்டுமென்றால் மேலே ஒருவன் நிற்பான். அவன் கத்தியைக் கட்டைச் சுவர் மேல் வைப்பான். நான் அதை எடுத்து இடது பாக்கெட்டில் போட வேண்டும். என் இடது பாக்கெட் காலியில்லை. இதை மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் பேன்ட்டை மாற்று என்பார்.

பேன்ட்டை மாற்றும்போதெல்லாம் அந்தக் கத்தியையும் மாற்றிப் போட்டேன். வேலை இல்லாத நாளிலும். கத்தி டூல் பையில்தான் இருக்க வேண்டும், ரயிலில் பாக்கெட்டில் வைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன், நானே வைத்தேன். ஒருநாள் ஒரு ஸ்டேஷன் வாசலில் செக்கிங். போலீஸ்காரர் தடவிப் பார்த்து வெளியே எடுத்தார். யாருடையது என்று கேட்டார். என் தோஸ்துடையது, அவனிடம் கொடுக்க வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் கத்தியைத் திறந்து பார்த்தார். பெயிண்ட் ஒட்டி, துருவேறி, பாதிதான் திறந்தது. இதை வைத்து வெங்காயம்கூட வெட்ட முடியாது என்று நினைத்திருப்பார்.

"தேனா ஹை தோ தே தோ நா, பாய்" என்றார். கொடுக்க வேண்டியது என்றால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று. திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆட்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், வாங்கிக் குடித்தேன். பிறகு எழுந்து நேரே எசக்கி வீட்டுக்குப் போனேன்.

அவன் தங்கச்சி பேச்சி வீட்டிலேயே மெஷின் போட்டுப் பை தைக்கிறாள். வாசலிலிருந்து உள்வரை கட்டுக் கட்டாகத் துணி. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"வாண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சிதாக்கும்?"

கத்தியை எடுத்துத் தரையில் வைத்தேன். பார்த்தாள். எடுக்கவில்லை.

"இது எதுக்கு இங்க?"

"எசக்கிது. நாளைக்கு வாங்கிக்கிடுதேன்னு சொன்னான்."

"அவன் வாங்குனா குடு. நான் எதுக்கு வாங்கணும்? எங்க வீட்ல கயித்துல தொங்க யாரு இருக்கா? எங்கம்மாவா?"

நான் தலைகுனிந்தேன். அவள் விடவில்லை.

"மேஸ்திரி சொன்னாரு, நீ ஏறவே மாட்டங்கியாமே. பாத்ரூமுக்கு வெள்ளையடிக்கியாமே."

"ஏறணும்."

"எப்ப?"

"தெரியல, பேச்சி. இது பாக்கெட்டுல கெடக்க வரைக்கும் இன்னொருத்தன் கத்திய வாங்க எனக்கு மனசு வரல. வீட்ல வச்சிட்டுப் போவவும் மனசு வரல."

டீ போட எழுந்தவள், நடுவில் நின்று, கதவோரம் கிடந்த துணிக்கட்டைக் காட்டினாள். பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"அந்தக் கட்டு அப்பவே புடிச்சு இறுகிக் கெடக்கு. கத்தரி உள்ள போவ மாட்டங்கு. அறுத்துக் குடு."

என் வலது பாக்கெட்டில் கை போட்டேன்.

"அது இல்ல. இது."

தரையில் கிடந்ததை எடுத்தேன். திறக்கவே இல்லை. நகம் உடைந்தது. பேச்சி மெஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து, கீலில் இரண்டு சொட்டு விட்டாள். "ஆட்டு" என்றாள். ஆட்டினேன். கறுப்பாக எண்ணெய் வழிந்தது. இன்னும் இரண்டு சொட்டு. கொஞ்சம் கொஞ்சமாக இளகி, டக்கென்று திறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எசக்கி மாங்காய்க்கு முன்னால் சும்மாவே நாலு முறை டக் டக் என்று திறந்து மூடுவான்.

பட்டையை அறுத்தேன். ஒரே இழுப்பில் போனது. துணி புஸ்ஸென்று விரிந்து அறையெல்லாம் நிறைந்தது. பேச்சி சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அறுக்கதுக்குத்தானண்ணே அது? வேலைக்கு ஆவாம பாக்கெட்டுல போட்டு ஏன் துருப்புடிக்க வைக்க? யாருக்காவது குடு. வேலை செய்யட்டும்."

டீ குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் பாக்கெட்டுக்குள் மெஷின் எண்ணெய் வாசம்.

அந்த நேரத்தில்தான் காஜா பாய் வேலைக்குச் சேர்ந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், பட்டறை மூடியதும் நம்மிடம் வந்தார். வயதில் என் அப்பாவைவிடக் கொஞ்சம் சின்னவர். வடாலாவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. வேறு ஆள் இல்லை என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். நான் இறங்குகிறேன் என்றேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

டெரஸில் காஜா பாய் கட்டைச் சுவர் ஓரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, உடனே பின்னால் வந்தார்.

"தம்பி, கத்தியும் கயிறும் எனக்குப் புதுசு இல்ல. இந்த ஒசரந்தான் புதுசு."

"நீங்க எறங்க வேண்டாம் பாய். இன்னைக்கு மேல நின்னாப் போதும். மடக்குக் கத்தி வச்சிருக்கீங்களா?"

"தோல் சீவுற கத்திதான் இருந்துச்சு. பட்டறையோட போச்சு."

இடது பாக்கெட்டில் கை விட்டேன். கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு எடுத்துக் கட்டைச் சுவர் மேல் வைத்தேன்.

"இது ஒங்களுக்கு. என் கூட்டாளியோடது. அவன் இல்ல இப்ப."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கத்தியை எடுத்துத் திறந்து, அலகைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தார். கத்தி தெரிந்த ஆள் பார்க்கிற பார்வை. "நல்ல இரும்பு. தீட்டணும். நான் தீட்டிக்கிறேன்" என்று மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி பாய், இப்ப அத சுவர் மேல வைங்க."

"ஏன்?"

"கயிறு பாக்குதவரு கையில கத்தி இருக்கக்கூடாது. நான் எடுத்துக்கிடணும்."

"என்ன தம்பி இது! குடுத்துட்டு அப்பவே திருப்பிக் கேக்குறீங்க? கல்யாண வீட்ல மொய் வச்சுட்டு எடுத்த மாதிரி இருக்கே."

"வேலை முடிஞ்சதும் திருப்பித் தருவேன் பாய்."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பாமலா ஒங்க கயித்துல தொங்கப் போறேன்? கத்தி வேற சோலி. அப்புறம் சொல்லுதேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். நான் எடுத்து இடது பாக்கெட்டில் போட்டேன். காலையில் அந்தப் பாக்கெட்டில் இருந்த அதே கத்திதான். ஆனால் இப்போது அது காஜா பாய் கத்தி. சாயந்திரம் அவருக்குத் தர வேண்டியது. கனம்கூட வேறு மாதிரி இருந்தது, நிஜமாகச் சொல்கிறேன்.

இறங்கினேன். கால் கட்டைச் சுவரை விட்டதும் ஜூலா ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அப்புறம் காற்று. தூரத்தில் மோனோ ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்ட கூரைகள். எல்லாம் அப்படியே இருந்தன.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய்."

பிரஷ்ஷை நனைத்து நாலு இழுப்பு இழுத்திருப்பேன்.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய்! எங்க போவப் போறேன்?"

"இல்ல, சத்தமே காணோமேன்னு கேட்டேன்."

"வேலை பாக்கேன் பாய்."

"பாட்டாவது பாடுங்க. எனக்குப் பயமா இருக்குல்ல."

தொங்குகிறவன் நான், பயம் அவருக்கு. பாடினேன். ஐந்தாவது மாடியில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து, ஹிந்தியில், நல்லாப் பாடினால் பாடு, இல்லையென்றால் பெயிண்ட் அடி என்றாள். காஜா பாய் மேலே விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் பைப்பில் பழைய கயிறு ஒன்று சுற்றிக் கிடந்தது. வலது கையில் பிரஷ் இருந்ததால் இடது கையால் கத்தியை எடுத்து அறுத்தேன். டக்கென்று திறந்தது, டக்கென்று மூடியது.

சாப்பாட்டு நேரத்துக்கு மேலே வந்தேன். பெல்ட்டைக் கழற்றும் முன்பே இடது பாக்கெட்டில் கை விட்டு, கத்தியை எடுத்துக் கட்டைச் சுவர் மேல் வைத்தேன்.

"வேலை முடிஞ்சதும் தரேன்னீங்க?"

"இல்ல பாய். இப்பவே எடுத்துக்கிடுங்க."

"சாப்புட்டுட்டு மறுபடி எறங்கணுமே. அப்ப மறுபடி வைக்கணும், நீங்க மறுபடி எடுக்கணும்."

"எடுத்துக்கிடுதேன். எத்தன தடவன்னாலும்."

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஜோடி சொன்னால் கேட்காதீர்கள். டீ குடிக்க ஏறி வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். உடம்பு சரியில்லை என்று அவன் பாதியில் கிளம்பினால், இரண்டு நிமிஷம் நில் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து கொடுங்கள். அப்போது அவன் முகத்தையும் ஒரு தடவை பக்கத்தில் பார்ப்பீர்கள். கயிற்றைப் பார், முகத்தைப் பார்க்காதே என்று சொன்னேனே, அது தொங்கும்போது. மேலே வந்த பிறகு முகத்தைப் பாருங்கள்.

காஜா பாய் கத்தியை எடுத்துக்கொண்டார். என் இடது பாக்கெட்டில் கை விட்டுப் பார்த்தேன். ஒரு பீடித் துண்டும் நூலும்தான் இருந்தன. எவ்வளவு நாளுக்குப் பிறகு காலி!

அவர் டப்பாவைத் திறந்தார். ஓரத்தில் ஒரு மாங்காய், பொட்டலத்தில் உப்பும் மிளகாய்த் தூளும். கத்தியை லுங்கியில் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு துண்டு நறுக்கி, கட்டைச் சுவர் மேல் வைக்கப் போனார். நான் சிரித்துவிட்டேன்.

"மாங்காய கையிலயே தரலாம் பாய்."

தந்தார். வாயில் போட்டுக் கடித்தேன். டர்பன்டைன் வாசம் இல்லை. லேசாக மெஷின் எண்ணெய் வாசம் மட்டும் இருந்தது.